கண்டிக்காரன் கூறு

போன மாதம் ஓய்வு பெற்ற வருவாய்த் துறை ஊழியர்கள் கூட்டம் ஒன்றுக்காகத் தருமபுரி போயிருந்தேன். மேடையில் மூன்று பேர் பேசினார்கள். கீழே முப்பது பேர் தூங்கினோம். இடைவேளையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இப்போது பணியில் இருக்கும் ஒரு பெண் கையில் போனோடு வந்து நின்றாள்.

"சார், பூர்வீகச் சான்றெல்லாம் இப்ப இதுலயே வந்துடுதுங்க. ஒங்க காலத்துல ஒரு ஆளு எந்த ஊர்க்காரன்னு எப்பிடி சார் கண்டுபிடிச்சீங்க?"

"ஆட்டுக்கறிய வெச்சும்மா," என்றேன்.

கிழவனுக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பாள். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான் சொன்னது பொய்யில்லை. ஒரே ஒரு முறைதான், ஒரே ஒரு ஆளுக்குத்தான். ஆனால் அரசாங்கக் கோப்பில், தாசில்தார் கையெழுத்தோடு, ஆட்டுக்கறி சாட்சியாக ஏறியிருக்கிறது. அதை எழுதி வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இளநிலை உதவியாளராகச் சேர்ந்து தபால் உறை ஒட்டினேன். அளவைப் பயிற்சியில் சங்கிலி இழுத்து உள்ளங்கை காய்த்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆர்.ஐ., அதாவது ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆனேன். மழை பெய்தாலும் ஆர்.ஐ.தான் அளக்க வேண்டும், பெய்யாவிட்டாலும் அவன்தான் அறிக்கை எழுத வேண்டும். எந்தத் தாலுகா என்று மட்டும் கேட்காதீர்கள். தப்புச் செய்தவன் நான். ஆபீஸ் பாவம், அதன் பேர் எதற்கு?

எண்பத்து மூன்று ஜூலையில் கொழும்பில் தமிழர்களை வெட்டியும் எரித்தும் கொன்றார்கள். அதற்கடுத்த வருடம் ராமேசுவரம் வழியாக வந்தவர்களில் இரண்டு பஸ் நிறைய ஆட்களை எங்கள் பக்கம் அனுப்பினார்கள். பழைய தீவனக் கிடங்கு ஒன்றைத் தடுப்புக் கட்டி முகாம் ஆக்கினோம். வந்து இறங்கிய அன்று வரவேற்புக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் வந்துவிட்டார்கள். தொப்புள்கொடி உறவு, தொப்புள்கொடி உறவு என்று மைக்கில் ஆளாளுக்கு முழங்கினார்கள். பஸ்ஸில் பதினாலு மணி நேரம் உட்கார்ந்து வந்த சனம் தண்ணீர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தது. பேசி முடித்தவர்கள் காரில் ஏறிப் போனார்கள். தொப்புள்கொடியைப் பதிவேட்டில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

மேசை போட்டு உட்கார்ந்தேன். பெயர், வயது, உறவு, இலங்கையில் வசித்த ஊர், தகப்பனார் பிறந்த ஊர் என்று வரிசையாகக் கட்டங்கள். எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. முன்னால் எழுதியதே திரும்பவும் வந்தால் மறுபடி எழுத மாட்டோம். 'மேற்படி' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். அது இல்லாவிட்டால் பாதிப் பேருக்கு விரல் முடங்கியிருக்கும். அன்று காலை பத்துப் பேருக்கு ஒழுங்காகக் கேட்டு எழுதினேன். வெயில் ஏற ஏற, வசித்த ஊரை எழுதிவிட்டு, தகப்பனார் பிறந்த ஊருக்கு மேற்படி, மேற்படி, மேற்படி என்று போட்டுக்கொண்டே போனேன்.

மத்தியானச் சோற்றுக்கு முன்னால் கடைசியாக வந்த ஆளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பேர் கேட்டேன். மாதையன் என்றார். எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு மாதையன் உண்டு. இலங்கையிலிருந்து வந்த ஒருத்தர் அந்தப் பேரைச் சொன்னால் காது உள்ளவன் நிமிர்ந்து பார்த்திருப்பான். எனக்குப் பசி. வசித்த ஊர் வவுனியா என்று எழுதி, அடுத்த கட்டத்தில் மேற்படி போட்டேன்.

"அய்யா, எங்க அப்பாரு வந்துங்க..." என்று ஆரம்பித்தார்.

"அடுத்த ஆளு," என்றேன்.

இரண்டு மாதம் கழித்து, முகாமில் ஆள் எண்ணிக்கை எடுக்கப் போனபோது அதே ஆள் ஓடி வந்தார். மூச்சு வாங்குகிறது, முகமெல்லாம் சிரிப்பு. பின்னாலேயே அவர் மனைவி பழனியம்மா.

"அய்யா! மாரண்டஹள்ளிச் சந்தைக்கு மூட்ட தூக்கப் போனேங்கய்யா. அங்க எங்க வீட்டுப் பாஷ பேசறாங்க!"

"என்னய்யா வீட்டுப் பாஷ?"

"ஊட்டா ஆய்த்தான்னு கேக்கறாங்கய்யா ஒருத்தர ஒருத்தர். சாப்டாச்சான்னு எங்க அப்பாரு அப்பிடித்தாங்க கேப்பாரு. தோட்டத்துல வேற ஒருத்தருக்கும் அது தெரியாது. அவரா கட்டுன பாஷன்னுதான் இத்தன நாளும் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"யோவ், அது கன்னடம்யா. இங்கருந்து பெங்களூரு வரைக்கும் அதத்தான் பேசறான். இதுக்கா இந்த ஓட்டம் ஓடி வந்த?" என்று சொல்லிவிட்டு எண்ணிக்கையைத் தொடர்ந்தேன்.

பழனியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அய்யாவுக்கு எல்லாம் தெரியுது. ஒண்ணும் வெளங்கலே," என்றார். ஒல்லியான உடம்பு, தேயிலை கிள்ளிக் கறுத்த விரல், யாருக்கும் அடங்காத வாய். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்று புரிய எனக்கு மூன்றரை வருடம் ஆனது.

எண்பத்தேழில் தில்லியும் கொழும்பும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. நாட்டில் அமைதி வந்துவிட்டது, அகதிகள் திரும்பலாம் என்று காகிதம் சொன்னது. அங்கே நம் ராணுவமே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது என்று ரேடியோ சொன்னது. எங்களுக்குக் காகிதம்தான் முக்கியம். விருப்பப்பட்டவர்கள் மட்டும் போகலாம் என்றுதான் அதிலும் இருந்தது. எங்கள் ஆபீசில் அதைப் புரிந்துகொண்ட விதம் வேறு. பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் போடு, பட்டியலில் பேர் வந்துவிட்டால் விருப்பம் வந்துவிட்டது என்று கணக்கு. வவுனியாக்காரர்கள் முதல் பட்டியலில் வந்தார்கள். மாசி மாதக் கடைசியில் கப்பல். மாதையனும் பழனியம்மாவும் அதில் இருந்தார்கள். அவர்களுடைய ஒரே மகளைப் பாப்பாரப்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

பட்டியலை ஒட்டிய அன்றே பழனியம்மா, மாதையனையும் இழுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு வந்துவிட்டார். பியூன் தடுத்தும் நிற்காமல் நேரே என் மேசைக்கு வந்தார்.

"எங்கள எந்த ஊருக்குங்க அனுப்புறீங்க?"

"ஒங்க ஊருக்குத்தாம்மா. வவுனியா."

"வவுனியா எங்களுக்கு எப்பங்க ஊரானிச்சு? மலையில தோட்டத்து லய வீடுங்களோட எங்கள எரிச்சப்ப ஓடி வந்து ஆறு வருசம் குடிசையில ஒண்டிக் கெடந்தோம். அங்கயும் எரிச்சாங்க. இவங்கப்பா பொறந்தது இந்த ஜில்லாங்க. அன்னிக்கே சொல்ல வந்தாரு, நீங்கதான் அடுத்த ஆளுன்னு தள்ளி விட்டீங்க. சிலோன் கவர்மெண்டு புஸ்தகத்துலயும் எங்க பேரு இல்ல. கப்பல்ல போயி எறங்குனா யாருன்னு கேப்பான். என்னான்னு சொல்றது?"

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். தகப்பனார் பிறந்த ஊர்: மேற்படி. என் கையெழுத்து, அழகாகவே இருந்தது.

கதையை அன்றுதான் உட்கார்ந்து கேட்டேன். மாதையனுடைய அப்பா கெம்பையன், பதினெட்டு வயதில் ஆள்பிடிக்கும் கங்காணியோடு கண்டிச் சீமைக்குப் போனவர். எங்கள் பக்கத்தில் இலங்கையே கண்டிதான். தேயிலைத் தோட்டத்திலேயே கல்யாணம், பிள்ளை, சாவு எல்லாம். அறுபதுகளில் தில்லியும் கொழும்பும் உட்கார்ந்து, தோட்டத்துத் தமிழர்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று தலையை எண்ணிப் பிரித்துக்கொண்டார்கள். மாதையன் இந்தியாவுக்கு மனுப் போட்டார். பதில் வருவதற்குள் லயத்தை எரித்துவிட்டார்கள். ஆக, அந்த நாட்டுக்கும் இல்லை, இந்த நாட்டுக்கும் இல்லை.

"ஊர் பேரு தெரியுமா?" என்று மாதையனைக் கேட்டேன்.

"ஊருன்னுதாங்க சொல்லுவாரு. ரெண்டு ஏரி, நடுவுல பாற, பாற மேல முனியப்பன். அவ்வளவுதாங்கய்யா தெரியும். வந்ததுலருந்து ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போயித் தேடுனேன்."

தருமபுரி மாவட்டத்தில் முனியப்பனைத் தேடுவது லேசுப்பட்ட காரியமா? ஏரிக்கரைக்கு ஒருத்தர், எல்லைக்கு ஒருத்தர், புளியந்தோப்புக்கு ஒருத்தர் அரிவாளோடு உட்கார்ந்திருக்கிறார். மனுஷன் மூன்று வருடம் நடந்தே அத்தனை முனியப்பனையும் பார்த்திருக்கிறார். கடைசியில் கெம்பனஹள்ளியில் இரண்டு ஏரியும் பாறையும் கிடைத்துவிட்டன. அங்கே சென்னப்பன் என்று ஒரு விவசாயி. கெம்பையனுடைய அண்ணன் மகன்; உறவில் மாதையனுக்குப் பெரியப்பா மகன்.

"என்ன சொன்னாரு?"

"சோறு போட்டாங்கய்யா. மொச்சக் கொழம்பு ஊத்தி, வயிறு நெறயப் போட்டாங்க. ஒறவு இல்லேன்னுட்டாங்க."

இதைத் தாசில்தாரிடம் கொண்டுபோனேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், சுத்த சைவம், வெங்காயம்கூடக் கிடையாது. பியூன் முதல் கலெக்டர் வரை எல்லாரையும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். நீ தப்புச் செய்தாய் என்று சொல்ல மாட்டார். 'நாம செஞ்சிருக்கோம்' என்பார். அந்த 'நாம்'-இல் அவர் இருக்க மாட்டார்.

பதிவேட்டை வாங்கி மேற்படியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் பார்த்தார்.

"சார், நாம இங்க கொஞ்சம் அவசரப்பட்டிருக்கோம் போல இருக்கே சார்."

"ஆமாங்க சார்."

"நாப்பது பேரோட அப்பாவும் வவுனியாவுலதான் பொறந்தாங்கன்னு நாமளா முடிவு பண்ணியிருக்கோம். பெரிய பிரசவ ஆஸ்பத்திரி போல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

அவர் நடைமுறையைச் சொன்னார். தகப்பனார் இந்த மாவட்டத்தில் பிறந்தவர் என்று நிரூபணம் வந்தால், 'இந்திய வம்சாவளி, குடியுரிமை விசாரணை நிலுவை' என்று கலெக்டருக்கு எழுதிப் பட்டியலிலிருந்து பேரை எடுக்கலாம். ஆனால் எழுத்தில் ஆதாரம் வேண்டும். இருபத்திரண்டு நாள் இருந்தது.

கெம்பையன் பிறந்தபோது இது சேலம் ஜில்லா. பழைய பிறப்புப் பதிவேடு கேட்டுச் சேலத்துக்கு எழுதினோம். 'தேடிப் பார்த்ததில் கிடைக்கவில்லை' என்று எட்டாவது நாளே பதில் வந்தது. அவ்வளவு சீக்கிரம் வந்தால் தேடவில்லை என்று அர்த்தம். ஊர்க் கர்ணம் வைத்திருந்த சுவடி, நோட்டு ஏதாவது இருக்குமா என்று பார்த்தோம். கர்ணம் பதவியையே எண்பதில் ஒழித்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில் அவர் முக்கால்வாசியை ஒப்படைக்கவில்லை. ஒப்படைத்ததைக் கரையான் தின்றுவிட்டது.

மிச்சம் சென்னப்பன்தான். கெம்பனஹள்ளி போய் வாக்குமூலம் எடுத்தேன். அறுபது வயது ஆள், தக்காளி வயலில் நின்றுகொண்டிருந்தார். கைகட்டிப் பணிவாகப் பேசினார்.

"எங்களுக்குக் கண்டியில யாருமில்லீங்க சார். எங்கப்பாவோட பொறந்தவங்களும் யாருமில்லீங்க. அந்தாளு நல்ல ஆளுங்க, பாவம், எங்கியோ எடம் மாறி வந்துட்டாரு."

எழுதிக்கொண்டு கையெழுத்தும் வாங்கினேன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, வரப்பைப் பார்த்தபடி பேசினார். திரும்பும் வழியில் ஊர்த் தலையாரி முனுசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தான். ஏரிக்கரை தாண்டியதும் களுக்கென்று சிரித்தான்.

"என்னய்யா சிரிப்பு?"

"பெரியவரு பொய் சொல்றாருங்க சார். நெலம் பங்கு கேட்டுருவாங்கன்னு பயம். யாருமில்லேன்னா வருசா வருசம் கண்டிக்காரன் கூறுன்னு ஒண்ணு எதுக்குப் போடறாங்களாம்?"

நான் நின்றுவிட்டேன். முனுசாமி விளக்கமாகச் சொன்னான். மாசியில் முனியப்பனுக்குப் பங்காளிகள் எல்லாம் சேர்ந்து கெடா வெட்டுவார்கள். கறியைக் குடும்பத்துக்கு ஒரு கூறாக வாழையிலையில் வைத்து, பூசாரி பேர் சொல்லிக் கூப்பிட, அந்தந்தக் குடும்பத் தலைவன் வந்து எடுத்துக்கொள்வான். கடைசிக் கூறு கண்டிக்காரனுக்கு. மூன்று தடவை கூப்பிடுவார்கள். யாரும் வராவிட்டால் அதை எல்லாருக்கும் பிரித்துப் போட்டுவிடுவார்கள். கெம்பையன் போன வருடத்திலிருந்து, அறுபது வருடமாக இது நடக்கிறது. கூறு வைக்காமல் விட்டால் அந்தக் கிளையை அறுத்துவிட்டதாக ஆகிவிடும், முனியப்பன் கேட்பான் என்று பயம்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"பிரிக்கறப்போ எனக்கும் ரெண்டு துண்டு வருமுங்க சார்."

மறுநாள் தாசில்தார் முன்னால் நின்று இதைச் சொன்னபோது, எனக்கே என் குரல் நம்பும்படியாக இல்லை. அவர் முழுதும் கேட்டார். சென்னப்பனின் வாக்குமூலத்தைப் படித்தார். தாளைத் திருப்பி, ஒன்றுமே எழுதாத பின்பக்கத்தையும் பார்த்தார்.

"ஆக நாம மாமிசத்தை சாட்சியா விசாரிக்கப் போறோம்."

"வேற வழி இல்லீங்க சார்."

"எத்தனை மணிக்கு சார் கூறு போடுவா?"

கெடா வெட்டு அன்று முனியப்பன் பாறைக்கு ஜீப்பில் போனோம். தாசில்தார், நான், மாதையன், பழனியம்மா. பகல் பதினொன்றரை மணி, நல்ல வெயில். நாங்கள் போகும்போது வெட்டெல்லாம் முடிந்து, தென்னை ஓலை விரித்து அதன்மேல் இலை போட்டுக் கூறு வைத்துக்கொண்டிருந்தார்கள். தாசில்தார் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கினார். பார்த்தவர்கள் யாரோ பெரிய டாக்டர் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

கறி அறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் சென்னப்பன்தான். ஜீப்பைப் பார்த்ததும் அவர் கத்தி நின்றது. அதற்குள் எல்லாக் கூறும் வைத்தாகிவிட்டது. எண்ணினேன்: பத்தொன்பது. கூட்டத்தில் குடும்பத் தலைவர்கள் பதினெட்டுப் பேர்தான்.

பூசாரி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து இலையோடு எடுத்துப் போனார்கள். கடைசியில் ஒரே ஒரு கூறு ஓலைமேல் கிடந்தது. சென்னப்பன் குனிந்து பூசாரி காதில் என்னவோ சொன்னார். 'பேடா' என்ற ஒரு சொல் மட்டும் எனக்குக் கேட்டது. வேண்டாம் என்று அர்த்தம். பூசாரி கூப்பிடாமல் விட்டுவிட்டால் எங்கள் ஆதாரம் அங்கேயே போச்சு. அடுத்த வாரம் மாதையன் கப்பலில் இருப்பார். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பூசாரி அவரை முறைத்தார். "தாசில்தாருக்கு வேணும்னா நீ பொய் சொல்லிக்க. முனியப்பங்கிட்ட என்ன மாட்டி வுடாத. எனக்கு மாடு கன்னு இருக்குது, புள்ளகுட்டி இருக்குது." திரும்பி நின்று கத்தினார்: "கண்டிக்காரன் கூறு!"

மாதையன் அசையவில்லை. மரம் போல நிற்கிறார். மூன்று வருடம் பாறை பாறையாக நடந்தவருக்கு மூன்றடி நடக்கக் கால் வரவில்லை.

"கண்டிக்காரன் கூறு!"

பழனியம்மா அவர் முதுகில் இரண்டு கையாலும் ஒரு தள்ளு தள்ளினார். "போய்யா! ஒன்னத்தான் கூப்புடறாங்க. இன்னும் யாரு வந்து அழைக்கணும்?"

"கண்டிக்காரன் கூறு!"

"இருக்கேங்கய்யா," என்றார் மாதையன். முகாமில் நான் பேர் வாசிக்கும்போது சொல்லும் அதே குரல்.

பூசாரி கேட்டார்: "அப்பன் பேரு?"

"கெம்பையன்."

"தாத்தன் பேரு?"

"என் பேருதாங்க. மாதையன். தாத்தன் பேரத்தான் எனக்கு வெச்சாரு."

கூட்டத்தில் இருந்த வயதான ஒருவர், "ஐயோ, கெம்பன் மகனாடா!" என்று ஓவென்று அழுதுவிட்டார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கெம்பையன் தோளில் ஏறித் தேர் பார்த்தவராம். எனக்கும் கண் கலங்கியது. ஆர்.ஐ. அழக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

தாசில்தார் மட்டும் அழவில்லை. என்னை எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய அந்த ஸ்தல மகசர் இன்னும் எனக்கு மனப்பாடம். 'மேற்குப் பார்த்த முனியப்பன் சந்நிதிக்கு எதிரில், தென்னை ஓலைமேல், வாழையிலையில், கூறு எண் பத்தொன்பது. எலும்புடன் கூடிய ஆட்டிறைச்சி. அதில் ஈரல் ஒரு துண்டு. மேற்படி கூறு, இலங்கை சென்ற கெம்பையன் வகையறாவுக்கு ஆண்டுதோறும் வைக்கப்பட்டு வருவதாகக் கூடியிருந்தோர் அனைவரும் ஒரே வாய்ச்சொல்லாகக் கூறினர்.' ஈரலைக் குனிந்து பார்த்துவிட்டு அவர் ஒரு நிமிடம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சென்னப்பனிடம் வந்தார்.

"சார், கண்டியில யாருமில்லன்னு நாம கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோமே. அப்பறம் யாருக்கு சார் இந்தக் கறி?"

சென்னப்பன் கத்தியைக் கீழே வைத்தார். "தப்புங்க சார். ரெண்டு ஏக்கராதாங்க இருக்குது. மூணு பசங்க. பங்குன்னு வந்து நின்னா நான் எங்கங்க போவேன்?"

"நிலம் வேற கோப்பு சார். இது தகப்பனார் பிறந்த ஊர் கோப்பு. அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தாரா?"

"இருந்தாருங்க."

"இதை எழுதிக்குங்க சார்," என்றார் என்னிடம்.

கப்பலுக்கு ஐந்து நாள் முன்னால் பட்டியலிலிருந்து மாதையன், பழனியம்மா பேர்களை எடுத்து உத்தரவு வந்தது. மற்றவர்கள் போன பஸ்ஸை நான்தான் வழியனுப்பினேன். என் மேற்படிக்கு ஆளான மீதிப் பேருக்கும் விசாரணை வேண்டும் என்று எழுதினேன். நேரமில்லை என்று பதில் வந்தது. ஜன்னலில் இருந்து கையசைத்த முகங்களில் யாருடைய அப்பா எங்கே பிறந்தார் என்று எனக்குத் தெரியாது. அது இன்றும் என்னை அரிக்கிறது.

மாதையன் கதை அத்தோடு முடியவில்லை. பங்குனியில் இன்னொரு உத்தரவு வந்தது. இந்த நபர் இந்திய வம்சாவளி என்று நிரூபணம் ஆனதால் அகதி அல்ல. அகதி அல்லாதவர் முகாமில் தங்க முடியாது. பதினைந்து நாளில் வெளியேற்றவும். நாங்கள் ஈரல் வரைக்கும் எழுதி நிரூபித்ததன் பலன் அது. அந்த நோட்டீசையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பழனியம்மா படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, அடுப்பில் இருந்த சட்டியை இறக்கி வைத்தார்.

"அங்க இருந்தப்ப கள்ளத்தோணின்னு வெரட்டுனாங்க. இங்க வந்தப்ப அகதின்னு ஒரு கூரையாச்சும் குடுத்தீங்க. இப்ப சொந்தக்காரன்னு சொல்லி அதயும் புடுங்கறீங்களா? ஏங்கய்யா, சொந்தம்னா வெளிய போவச் சொல்றதா ஒங்க நாட்டுல?"

"மன்னிச்சிடும்மா," என்றேன். அரசாங்க வேலையில் அந்தச் சொல்லை நான் உபயோகித்தது அது ஒரு தடவைதான்.

பதினாலாவது நாள் காலையில் முகாம் வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் சென்னப்பன். இறங்கவில்லை, தும்பைப் பிடித்துக்கொண்டு மாட்டைப் பார்த்தே பேசினார்.

"கூறு வாங்கினவன் ஊருல இல்லேன்னா எம் பொண்டாட்டியே சோறு போட மாட்டேங்கறாங்க சார். ஏரிக்கரை மேட்டுல கொட்டாய் போட்டிருக்கேன். மேட்டு நெலம், மழ பேஞ்சா கொள்ளு வெளையும். அத வெச்சுக்கட்டும். கீழ் நெலத்த மட்டும் கேக்க வேணாம்னு சொல்லிடுங்க."

"நீங்களே சொல்லுங்க," என்றேன்.

அவர் வண்டியிலிருந்து இறங்கினார். "ஏறு தம்பி," என்றார். நிலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாதையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. பழனியம்மா அம்மி, குடம், தகரப் பெட்டி என்று ஒவ்வொன்றாக வண்டியில் அடுக்கினார். மாட்டுக்கு வயசாயிடுச்சா, மேட்டுல இழுக்குமா என்று சென்னப்பனை அப்போதே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

வண்டி போன பிறகு பதிவேட்டைத் திறந்தேன். முகாமை விட்டு ஒரு பேரை நீக்கினால் காரணம் எழுத வேண்டும். அதற்கு மூன்றே காரணங்கள்தான் அனுமதி: இறந்தார், தலைமறைவானார், தாயகம் திரும்பினார். முதல் இரண்டும் பொருந்தவில்லை. இரண்டு பேருக்கும் முழுதாக, ஒரு எழுத்து விடாமல், 'தாயகம் திரும்பினார்' என்று எழுதினேன். தாசில்தார் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

மாதாந்திர அறிக்கை மேலே போனது. பத்து நாளில் அங்கிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பங்குனி மாதத்தில் உங்கள் முகாமிலிருந்து யாரையும் ஏற்றியதாகப் பதிவு இல்லை. மாதையன், பழனியம்மா ஆகிய இருவரும் எந்தக் கப்பலில் தாயகம் திரும்பினார்கள் என்ற விவரத்தை உடனே அனுப்பவும்.

பதிலை நானே எழுதினேன்: 'கப்பல் இல்லை. மாட்டு வண்டி. தூரம் பன்னிரண்டு மைல். ஓட்டியவர் அண்ணன்.'